எங்களுக்கு இன்டர்வியூ

கிள்ளான் வாழ் பெருமக்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: திருமதி வாணி ஜெயராஜ் அவர்கள் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயின்று, கடைசிப் பருவத்தை வெற்றிகரமாக எட்டிவிட்டார். அவருடைய மகன் பிரவினும் கூடவே போய்வந்தான். மாணவர் அட்டையில் இருந்தது அவன் படம்.

"நாங்க ஃபைனல் இயர்" என்றுதான் கோயிலிலும் பாசாரிலும் வாணி சொல்வார். பாடங்களைத் தேர்ந்தெடுத்தது அவர். விரிவுரையாளர்களோடு சண்டை போட்டதும் அவர். பிரவினுக்கு எண்ணெய் ஆகாது, மழை ஆகாது, கொமுட்டர் ரயில் ஆகவே ஆகாது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை மைவி காரின் பின்சீட்டில் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போவார்.

பட்டத்துக்கு ஒன்றுதான் பாக்கி: ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை. கேட்ட இடமெல்லாம் கைவிரித்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகம் கூப்பிட்டது. இதுவும் போனால் பட்டம் இல்லை.

வாணி மகனுக்கு முந்தி நுழைந்து, அவனுக்கு முந்தி உட்கார்ந்தார்.

முதலாளி அந்தோனிப்பிள்ளை மரியாதையான மனிதர். "உங்களைப் பத்திச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"நாங்க சின்னதுலேருந்தே மேத்ஸ்ல ஸ்ட்ராங் சார்" என்றார் வாணி.

"ஏன் அக்கவுண்ட்ஸ் எடுத்தீங்க?"

"டாக்டருக்குத்தான் போறதா இருந்தோம். எங்களுக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வந்துரும்."

"மேடம், தம்பியும் கொஞ்சம் பேசட்டும்லா."

வாணி உதட்டை இறுக்கிக்கொண்டார். பிரவினுக்கு நெற்றி வேர்த்தது. அந்தோனிப்பிள்ளைக்கே பாவமாகிவிட்டது, பேனாவைக் கீழே வைத்தார்.

"டென்ஷன் வேணாம். சும்மா கேக்குறேன். சாப்ட்டாச்சா தம்பி?"

பிரவின் வாயைத் திறந்தான். யோசித்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"ம்மா, நாம சாப்ட்டோமா?"

"சாப்ட்டோம்டா" என்றார் வாணி, மேடையேறிப் பரிசு வாங்குகிற குரலில். "கீழ கடையில ரெண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்போட."

"சாப்ட்டோம் சார்" என்றான் பிரவின். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே பதில் அது.

அந்தோனிப்பிள்ளை ஃபைலை மூடினார். "சந்தோஷம் மேடம். எங்ககிட்ட ஒரு நாற்காலிதான் காலியா இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் பத்தாது."

கார் கிள்ளான் பக்கம் திரும்பியதும் வாணி, "அந்த ஆளு சரியில்லலா. நமக்கு அந்த இடம் வேணாம்" என்றார். பின்சீட்டில் பிரவினின் வயிறு பெரிதாக இரைந்தது. கேஸ் ட்ரபிள் என்று வாணி முடிவு செய்து, ஒரு மாத்திரையைப் பின்னால் நீட்டினார். அவன் வாங்கி விழுங்கினான்.

இரண்டு ரொட்டியையும் வாணிதான் சாப்பிட்டிருந்தார்.