விளங்காது என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அதைச் சொன்னவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை இன்னும் கேவலமாக நினைக்க வேண்டாம்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

‘பதுளையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை’ (மழை பெய்யவில்லை. சோகக் கதை என்றால் மழையை வரவழைப்பது என் கெட்ட பழக்கம்.)

‘இராக்கம்மாவுக்குக் காது கேட்காது’ (அடித்துவிட்டேன். அவளைப் பற்றிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கக் கூடாது.)

‘இராக்கம்மா என் வகுப்பில் முதல் வரிசையில்’

சரி, இதுவே இருக்கட்டும்.

2

இராக்கம்மா என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். ஆண்டு 1959. தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் ஆசிரியராக விரும்பியவர்களுக்குப் பதுளையில் ஒரு கல்லூரி சனிக்கிழமை தோறும் வகுப்பு நடத்தியது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விரிவுரையாளன், பெயர் குமாரசிங்கம். வாடகை அறை, ஒரு தட்டு, ஒரு கோப்பை. கூடப் பேச ஆளில்லை.

அவள் பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெண், இருபது வயது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. சோதனையில் தேறினால் தோட்டப் பள்ளியில் வேலை. தேறாவிட்டால் விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுக்கக் கொழுந்துக் கூடை. முதல் நாளே எழுந்து நின்று சொன்னாள்:

“மொகத்த இந்தப் பக்கம் வச்சுப் பேசுங்க சார். ஒங்க வாயப் பாத்துத்தான் நான் பாடம் கேக்குறேன்.”

சரி என்றேன். அடுத்த நிமிடமே கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். ஆறு மாதம் அப்படியே போயிற்று. (இங்கே என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும் வாக்கியம் ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன்.)

3

பிறகு ஒரு சனிக்கிழமை அவள் மறுபடியும் கேட்டாள். எனக்கு உண்மையிலேயே உறைத்தது. எழுதிக்கொண்டே சொன்னேன்:

“பலகையைப் பாத்துக் கதைச்சா உமக்கு விளங்காது. இனி எல்லாத்தையும் எழுதித் தாறன்.”

நல்ல வாக்கியம்தானே? ஆனால் முன்பாதியைப் பலகையிடம் சொன்னேன். ‘விளங்காது’ என்ற சொல்லுக்கு மட்டும் அவள் பக்கம் திரும்பினேன். மீதியையும் பலகையிடமே சொன்னேன்.

வகுப்பு முடியும்வரை அவள் இருந்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

4

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பாக்கியலெட்சுமியிடம் விசாரித்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“எங்க பக்கம் புரியலன்னா புரியலன்னுதான் சார் சொல்லுவோம். வெளங்காதுன்னா உருப்படாதுன்னு அர்த்தம். சாரே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாருன்னு பெரட்டுல பேரு குடுத்துட்டா.”*

* யாழ்ப்பாணத்தில் விளங்காது என்றால் புரியாது, அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் ‘விளங்கிச்சுதோ?’ என்று நான் கேட்காத நாளில்லை. உருப்பட்டீர்களா என்று வாரா வாரம் விசாரிக்கும் மனிதனைப் பற்றி அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இராக்கம்மாவுக்காக எழுதிய பாடத்தாள்கள் மேசையில் இருந்தன. பாக்கியலெட்சுமி ஒரு பிரதி கேட்டாள். பிறகு பின்வரிசையில் ஒருவர். மாலைக்குள் வகுப்பிலிருந்த முப்பது பேரும் கேட்டுவிட்டார்கள். சார் பேச்சில் பாதி பிடிபடுவதில்லை, மரியாதைக்காகத்தான் தலையாட்டினோம் என்றார்கள். ஆக, காது கேட்பவர்களுக்கும் நான் பாடம் சொல்லவில்லை. ஆறு மாதமாக அந்த வகுப்பிலும் நான் தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அறிந்த அன்று எனக்கு என் குரலே பிடிக்கவில்லை.

இராக்கம்மாவின் தாள்களைப் பாக்கியலெட்சுமியிடம் கொடுத்தனுப்பினேன். கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தன. சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. நானே நேரில் போக வேண்டும், வேறு வழியில்லை.

5

முடிவு ஒன்று: போகிறேன், விளக்குகிறேன், அவள் சிரித்துவிட்டுத் தாள்களை வாங்கிக்கொள்கிறாள். சோதனையில் தேறி ஆசிரியை ஆகிறாள். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: போகிறேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். (எனக்குத் தண்டனை கிடைத்துவிடும். அதனால் இதுவும் எனக்கு வசதியான முடிவுதான்.)

நடந்தது: பசறையில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஒரு பிளேன்டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பிவிட்டேன். வெட்கம் என்று இத்தனை காலம் சொல்லிவந்தேன். வெட்கமில்லை, பயம். பேச்சை விற்றுப் பிழைத்தவனுக்கு அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அவள் அந்தச் சோதனையை எழுதவில்லை. பிறகு என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவுமில்லை.

6

ஆகவே கதையிலாவது போகிறேன். சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடம். கூடையை இறக்கி வைத்துவிட்டு இராக்கம்மா என் எதிரே வந்து நிற்கிறாள்.

“இராக்கம்மா, அண்டைக்கு நான் சொன்னது”

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு என்பதை நாங்கள் ‘அண்டைக்கு’ என்போம், அது அவள் தமிழில் என்னவாகும்? அடித்தேன். ‘தப்பா நினைக்காதையும்’ என்று எழுதினேன். தப்பு அவளுடையது என்பதுபோல இருக்கிறது. அதையும் அடித்தேன். பதினோரு தாள் கிழித்தாகிவிட்டது. என்னால் முடியவில்லை.

நீங்கள் வந்து என் இடத்தில் நில்லுங்கள். இந்தாருங்கள், தாள்கள். கங்காணி அவளைக் கூப்பிடுகிறார், அதிக நேரமில்லை. குனிய வேண்டாம், திரும்ப வேண்டாம். சொல்லுங்கள். அவள் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.