யாதொரு சம்பந்தமும்

'எழுதி வாங்குபவர்' என்ற இடத்தில் தம்பியின் பெயரைத் தட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் துலக்க ஓட ஓட விரட்டிப் பிடிக்க வேண்டியிருந்த பயல், பத்திரத்தில் ஏறியதும் எவ்வளவு பெரிய மனுஷனாகிவிட்டான்!

பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் அவளுக்கு ஒரு சிறிய அறை இருந்தது. ஒரு கணினி, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால்தான் காகிதத்தை விழுங்கும் பிரிண்டர், வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலி. ஊரில் பாதிப் பேருக்கு அவள் பத்திரக்காரம்மா. அம்மா அப்பா விட்டுப்போன வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மேலே ஒரு மாடி எழுப்ப ஆசைப்பட்டான். வீடு முழுக்க ஒரே பேரில் இருந்தால்தான் கடன் தருவோம் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அவன் போனில் இழுத்து இழுத்துப் பேசியதைப் பாதியிலேயே வெட்டி, "இதுக்கு ஏன்டா இவ்வளவு சுத்தி வளைக்கற? விடுதலைப் பத்திரம் நானே அடிச்சுக் கொண்டுவரேன்" என்றாள். பங்கை விட்டுக்கொடுப்பதில் அவளுக்குக் கடுகளவும் தயக்கம் இல்லை. மனசார ஒப்புக்கொண்டாள்.

விடுதலைப் பத்திரம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். விரல்கள் அதுபாட்டுக்கு ஓடின. சொத்து விவரம், நாலு எல்லை, சுய நினைவு, பிறர் தூண்டுதலின்மை எல்லாம் தாண்டி, வழக்கமான அந்த இடத்துக்கு வந்தன. 'இன்று முதல் எனக்கும் மேற்படி வீட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் பாத்தியமும் கிடையாது.' முற்றுப்புள்ளியும் வைத்தாகிவிட்டது. அடுத்த வரிக்குப் போன விரல்கள் அங்கேயே நின்றன. அவள் அந்த வரியைத் திரும்பவும் படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படித்தாலும் அது அப்படியேதான் இருந்தது.

அன்று மாலை வீட்டில் கணவன் சோபாவில் சாய்ந்தபடி, "கனம் கோர்ட்டார் அவர்கள் பெரிய மனதுபண்ணி மனுதாரருக்கு ஒரு டம்ளர் டீ வழங்கி உத்தரவிடுமாறு பணிவுடன் பிரார்த்திக்கிறேன்" என்றான். அவன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நாள் முழுக்க மனுவும் நோட்டீஸுமாகத் தட்டிவிட்டு வருகிறவன். மற்ற நாளாயிருந்தால் அவளும் விடமாட்டாள். "காலையில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்கத் தவறும் பட்சத்தில், அதனால் ஏற்படும் சகல விளைவுகளுக்கும் தாங்களே பொறுப்பு" என்று நோட்டீஸ் பாஷையிலேயே திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய பாதிச் சண்டை இப்படித்தான் தீர்ந்துகொண்டிருந்தது. இன்று அவள் பேசாமல் டீயை வைத்துவிட்டுப் போனதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விஷயத்தைக் கேட்டதும், "அட, சம்பிரதாய வாசகம்தானே? நான்கூடத்தான் தினம் முப்பது தடவ பணிவுடன் பிரார்த்திக்கறேன். எனக்கென்ன பணிவா இருக்கு?" என்றான்.

"உங்களுக்குப் பணிவு இல்லாதது ஊருக்கே தெரியும். அந்தச் சம்பந்தம்ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துட்டா என்ன?"

"பேங்க் வக்கீல் திருப்பி அனுப்புவாரு. வழக்கமா இருக்கற வார்த்த இல்லன்னா அவங்களுக்கு உடனே சந்தேகம் வந்துடும்."

அது அவளுக்கும் தெரியும். அந்த வீட்டில்தான் அவள் நடை பழகினாள். எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்று அவளுக்குத்தான் தெரியும். உரிமை போகட்டும், அது காகிதத்து விவகாரம். சம்பந்தம் இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு போய் அந்தக் கதவைத் தட்டுவது?

ஆகவே தள்ளிப்போட்டாள். கணினி பழுது என்றாள், வேலை அதிகம் என்றாள். தம்பி மனைவி போன் செய்து, "அண்ணி, பேங்க்ல கேட்டுட்டே இருக்காங்க" என்றபோது, பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றாள். "சரிங்கண்ணி" என்ற குரலில் மரியாதை குறையவில்லை. வேறு எதுவோ குறைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தம்பியே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இதே நாற்காலியில் காலை நீட்டிப் படுக்காத குறையாகக் கிடப்பவன் அவன். இன்று பத்திரம் எழுத வந்த கட்சிக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, உனக்குப் பங்கு வேணும்னா நேராவே சொல்லிடு. தப்பே இல்ல. நான் மாடி ஆசைய விட்டுடறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கணினித் திரையை அவன் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். அவன் படித்தான். ஒன்றும் விளங்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் படித்தான்.

"இதுக்கா?"

"ஆமா, இதுக்குத்தான். சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தான். "அட லூசு அக்கா" என்றான் மெதுவாக. "இத வாங்கிட்டுப் போய் நான் மட்டும் நிம்மதியாத் தூங்குவேனா? நீதான் விதவிதமாப் பத்திரம் எழுதறியே. இந்தப் பேச்சு இல்லாம வேற எதுவும் கெடையாதா?"

வேறு இருந்தது. பிள்ளைகள் பேருக்கு வீட்டை மாற்ற வந்த எத்தனையோ அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் அவளே எழுதிக் கொடுத்ததுதான். தம்பி என்றதும் விடுதலைப் பத்திரத்துக்கே கை போய்விட்டதால் அது தோன்றவேயில்லை. மளமளவென்று ஒரு தானப் பத்திரத்தைத் திறந்து பெயர்களை மாற்றினாள். அவன் அவள் தோளுக்குமேல் குனிந்து வாய்விட்டுப் படித்தான்.

"'தாங்கள் என் உடன்பிறந்த தம்பி ஆனபடியாலும், தங்கள் மேல் எனக்குள்ள அன்பு, பிரியம், வாஞ்சை காரணமாகவும்...' என்னக்கா இது, தங்கள் கிங்கள்னு?"

"பத்திரத்துல அப்படித்தான். மரியாதை குடுத்தா வாங்கிக்கோ."

"வாஞ்சைன்னா?"

ஆயிரம் தடவை தட்டிய வார்த்தை. யாரும் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். "சின்ன வயசுல என் பென்சிலையெல்லாம் கடிச்சுத் துப்பி வச்சிருப்பியே, அப்பவும் உன்ன அடிக்காம விட்டேன்ல, அது."

"எங்க விட்ட? அடிச்சியே!"

"அடிச்சதுக்கு அப்புறம் விட்டேன்ல."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் இருந்த வரியையும் அவன் விடவில்லை. 'இனி இச்சொத்தில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை. இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்யமாட்டேன்.' அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "இது பரவால்லயா?"

"உரிமைதானே, போகட்டும். ரத்து பண்ணமாட்டேன்னு நான் எதச் சொல்றேன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் பிரிண்டரின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

பதிவு அன்று வெளியே மேகம் கவிந்திருந்தது. சார்பதிவாளர் அவளுக்கு நன்கு தெரிந்தவர்தான். "என்னம்மா, இன்னிக்கு நீங்களே கட்சிக்காரரா?" என்று கேட்டுவிட்டு, முகத்தை அலுவல் முகமாக்கிக்கொண்டு பத்திரத்தைப் படித்தார். அன்பு, பிரியம், வாஞ்சை மூன்றும் நிற்காத ஸ்டேஷன்களைப்போல அவர் வாயில் கடகடவென்று கடந்து போயின. தம்பி மட்டும் ஏதோ சபையில் தன்னை எழுப்பிப் பாராட்டிவிட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் சிவக்கும். இத்தனை வருஷத்தில் அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் அந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. இனிமேலும் சொல்லப்போவதில்லை.

"யாரும் வற்புறுத்தலயே?"

"இல்ல சார்" என்று கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. தம்பி வண்டியைக் கிளப்பினான். அவள் பின்னால் ஏறி, கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "வீட்டுக்குத்தானே?" என்றான். "ஆமா" என்றாள். எந்த வீட்டுக்கு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் சிக்னலில் சிவப்பு விழுந்தது. மழை வலுக்க, அவள் முந்தானையை எடுத்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். வண்டியின் மஞ்சள் விளக்கு அம்மா வீட்டுப் பக்கமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.