சலோங்கோவுக்கு வாரிசு

என் புருஷனுக்கு உடம்பெல்லாம் வாய். பெயர் கடாம்பா. கம்பாலாவில், கலெர்வே சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹாஜியின் வீடியோ கொட்டகையில் அவர்தான் வீஜே. வெளிநாட்டுப் படம் ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொள்வார். திரையில் யார் வாயைத் திறந்தாலும் எங்கள் பாஷையில் இவர் பேசுவார். கதாநாயகனும் இவரே, வில்லனும் இவரே, ஒப்பாரி வைக்கிற பெண்ணும் இவரே. வீட்டுக்கு வந்தால் மட்டும் "சோறு" என்ற ஒரு சொல்லோடு சரி. கொட்டகை வாசலில் சப்பாத்தியைத் துண்டு போட்டு, வேகவைத்த அவரைக்கொட்டையோடு கலந்து விற்கிறவள் நான். அவர் பேசுகிற பேச்சையெல்லாம் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டே எனக்குக் காது தேய்ந்துவிட்டது.

எங்கள் கொட்டகையின் கடவுள் ஆல்டோ வெர்சானி என்ற இத்தாலிக்காரர். அந்தப் பெயரைச் சொன்னால் கலெர்வேயில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே அவர் பெயர் சலோங்கோ, அதாவது இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர். முதலில் வந்த படத்தில் அவருக்கு இரட்டை வேடம், போலீஸும் அவரே, திருடனும் அவரே. ஒரே முகம் இரண்டு வருவதைப் பார்த்து ஜனங்கள் குழம்பினார்கள். "இவர் சலோங்கோ! இவர் வீட்டில் எல்லாமே இரண்டிரண்டாகத்தான் நடக்கும்!" என்று என் புருஷன் மைக்கில் ஒரு போடு போட்டார். அடுத்த படத்தில் அந்த மனிதர் எதையோ தின்னப் பிடிக்காமல் தட்டைத் தள்ளிவிட்டார். இவர் விடுவாரா? "பார்த்தீங்களா, வெட்டுக்கிளி வறுவல்! நம்ம வெட்டுக்கிளிக் குலத்துக்காரன் அதைத் தொடுவானா? என் அண்ணன்யா அவரு!" எந்தப் பிராணியின் பெயரில் குலமோ, அதைத் தின்னக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு இத்தாலிக்காரர் எங்கள் குலத்தில் சேர்ந்தார். எங்கள் என்றால், என் புருஷன் குலத்தில். எனக்கு அவர் மூத்தாராகிவிட்டார்.

அதோடு விட்டாரா? சனிக்கிழமைதோறும் படம் தொடங்குவதற்கு முன்னால் 'சலோங்கோ வீட்டுச் செய்தி' என்று ஒன்றை ஆரம்பித்தார். சலோங்கோ மாடு வாங்கினார். சலோங்கோ பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டிலில் படுத்தார். பிள்ளைகளில் மூத்தவன் வாஸ்வா வகுப்பில் முதலாவது, இளையவன் காட்டோ பின்னாலிருந்து முதலாவது. இரண்டும் பதினைந்து வருஷமாகத் தொடக்கப்பள்ளியிலேயே படித்துக்கொண்டிருந்தன. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எட்டிப் பார்க்காதவன்கூட, "காட்டோ மாமரத்திலேர்ந்து விழுந்தானே, கால் சரியாச்சா?" என்று என்னிடம் வந்து விசாரிப்பான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. அவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த அழகில் டெரிக் வந்து சேர்ந்தான். அவனும் வீஜே, இளவட்டம். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒருமுறை பேசிப் பதிவு செய்துவிட்டால் போதும், படம் நூறு தடவை ஓடினாலும் அதே குரல்தான். தொண்டை கட்டாது, டீ கேட்காது. ஹாஜிக்கு அவன் மேல் ஒரு கண். ஆனால் ஜனங்களுக்கு என் புருஷன்தான் வேண்டும். அதனால் டெரிக் ஒரு சனிக்கிழமை, செய்தி நேரம் பார்த்து, கைபேசியோடு பெஞ்சின் மேல் ஏறிவிட்டான்.

"அண்ணே, போதும் நிறுத்துங்க! உங்க சலோங்கோ செத்துப் பல வருஷமாச்சு. இதோ படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க."

படித்தான். ஆல்டோ வெர்சானி, கசாப்புக் கடைக்காரர் மகன். குதிரையிலிருந்து விழுகிற வேலைக்குத்தான் முதலில் சினிமாவுக்கு வந்தார். ஒரு படத்தில் இரண்டு நடிகர்களுக்குக் கூலி கொடுக்க முதலாளிக்கு மனசில்லை, அப்படித்தான் இரட்டை வேடம் கிடைத்தது. நாற்பது படம் நடித்தார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. கடைசிக் காலத்தில் நாய் பிஸ்கெட் விளம்பரத்தில் நாய்க்குக் குரல் கொடுத்தார். ரோமில் ஒற்றை அறையில் செத்தார். அடக்கத்துக்கு வந்தது வீட்டுக்காரரும், வேறு சாவுக்குப் போக வேண்டிய ஒருத்தரும்.

"கல்யாணமே ஆகல. பிள்ளை குட்டி கிடையாது," என்று முடித்தான்.

என் புருஷன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பதினைந்து வருஷத்தில் அந்த மைக் சும்மா இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதை அப்படியே அந்தப் பயல் தலையில் கொட்டலாமா என்றிருந்தது எனக்கு.

பொய்யன் என்று ஜனங்கள் என் புருஷனை அடித்துத் துரத்துவார்கள் என்று டெரிக் நினைத்திருந்தான். ஜனங்களுக்குப் பட்டது வேறு. பைக் டாக்சி ஓட்டுகிற வசாஜா எழுந்தான்.

"செத்துப் பல வருஷமா? அப்ப லும்பே யாரு செஞ்சது?"

கொட்டகை சட்டென்று அடங்கியது. ஒரு மனுஷன் செத்தால், கூடிக் குடித்து, ஆடி, சாவை வீட்டைவிட்டு விரட்டி, மரப்பட்டைத் துணி போர்த்தி ஒரு வாரிசைக் கட்ட வேண்டும். அதுதான் லும்பே. செய்யாவிட்டால் சாவு அங்கேயே குந்தியிருக்கும்.

"அதான் என் டயரு வாரத்துக்கு ஒருதரம் வெடிக்குது!" என்றான் வசாஜா.

"பந்தயச் சீட்டு ஒண்ணாவது விழுந்துச்சா எனக்கு? செத்த மனுஷன் மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சுட்டுல்ல போறோம்!" என்றான் இன்னொருத்தன்.

தக்காளி விற்கிறவளின் கோழி செத்ததுகூடக் கணக்கில் சேர்ந்தது. எல்லாரும் என் புருஷன் பக்கம் திரும்பினார்கள். "உன் அண்ணன்னு நீதானே சொன்னே? நீயே செய்!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஊருக்கே ஜாஜாவான, அதாவது தாத்தாவான, குலத்துப் பெரியவர் முகலூலாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிடவே வேண்டியதில்லை, முன்வரிசையில்தான் இருந்தார். அவர் பார்க்காத சலோங்கோ படம் கிடையாது.

"இத்தாலியில நம்ம குலம் எப்படின்னு யாரும் கேட்கக் கூடாது. இத்தனை வருஷம் கேட்காதவனுக்கு இப்ப என்ன கேள்வி?" என்றார். "ஆனா கடாம்பா, நீ தம்பி முறை. தம்பி வாரிசாக முடியாது. பிள்ளைங்க ரெண்டும் இன்னும் தொடக்கப்பள்ளி, மகன் முறையில பெரியவனா ஒருத்தன் வேணும். டெரிக், உங்கப்பன் நம்ம குலந்தானே?"

அவன் அப்பன் வெட்டுக்கிளிக் குலமேதான்! டெரிக் தலையாட்டினான். ஹாஜி அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப யாரு வாரிசோ அவன்தான் இனிமே சலோங்கோவுக்குப் பேசணும். ஒரு செத்த மனுஷனுக்கு ரெண்டு குரல் ஆகாதுப்பா." எங்கள் கொட்டகையில் சலோங்கோ படத்தை எடுத்துவிட்டால் மிச்சம் கால்பந்துதான். ஆக, மைக் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏய்யா, உன் வாய் எதுக்குத்தான் இருக்கு? பிள்ளை இல்லாதவனுக்கு நம்ம வழக்கத்துல வாரிசு கட்டுறதில்ல. அந்த ஆளுக்குப் பிள்ளையே இல்ல, நான்தான் கதை விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. லும்பேயும் இல்ல, டெரிக்கும் இல்ல. மைக் உன் கையில."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா என்ன? உண்மைதானே அது?"

"பிள்ளை இல்லாதவன்னு ஊரே சொல்லி அந்த மனுஷனைத் தூக்கிப் போட்டுரும்," என்றார். அப்புறம், "சோறு" என்றார்.

சடங்கன்று கொட்டகைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். வாழைப்பழக் கள் வந்தது, முரசு வந்தது. இத்தாலியில் இரண்டு பேர் வந்த சாவுக்கு இங்கே உட்கார நாற்காலி போதவில்லை. காலையில், துணி கட்டுகிற நேரத்தில், பெரியவர் முறைப்படி கேட்டார். "செத்தவருக்குப் பிள்ளைங்க உண்டா?"

முதலில் வாயைத் திறந்தவன் டெரிக். "இருக்காங்க, ஜாஜா! வாஸ்வாவும் காட்டோவும். ஊருக்கே தெரியுமே!"

"டேய், இல்லவே இல்லைன்னு போன்ல நீதானே படிச்சே?" என்று வசாஜா கத்தினான்.

"போன்ல ஆயிரம் பொய் வரும், அண்ணே. அதையெல்லாம் நம்பலாமா?"

பந்தல் சிரித்து ஓய்ந்தது. பெரியவர் என் புருஷனைப் பார்த்தார். "நீ சொல்லு, கடாம்பா."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். சொல்லித்தொலை, இல்லையென்று சொல், நான்கு எழுத்துக்கூட இல்லை. அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இருக்காங்க, ஜாஜா. விசா கிடைக்கல."

பந்தலில் எல்லாத் தலையும் ஆடியது. விசாவுக்கு அலைந்தவர் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைங்க விஷயத்துல ஆம்பளைப் பேச்சை நான் எடுக்கிறதில்ல. இந்த வீட்டு மருமக சொல்லட்டும். நாகாயிசா, உனக்கு அந்தப் பிள்ளைங்களைத் தெரியுமா?"

போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். உண்மை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டெரிக்கைப் பார்த்தேன், ஹாஜியைப் பார்த்தேன், கடைசியில் என் புருஷனைப் பார்த்தேன். பிள்ளைக்காக ஏறாத ஆஸ்பத்திரி இல்லை என்று ஏறி இறங்கிய காலத்தில், ஒவ்வொரு டாக்டர் அறை வாசலிலும் இப்படித்தான் நிற்பார், என்ன சொல்லப் போகிறார்களோ என்று. எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. அதற்கு மேல் பாசமும் வந்துவிட்டது, என்ன செய்ய?

"தெரியும், ஜாஜா," என்றேன். "வாஸ்வா சொன்ன பேச்சு கேட்பான். காட்டோதான் பிடிவாதம். அவரைக்கொட்டைய ஒண்ணு விடாம பொறுக்கித் தட்டு ஓரத்துல ஒதுக்கிருவான். பக்கத்துல உட்கார்ந்து ஊட்டினாத்தான் உள்ள போகும்."

பெரியவர் மரப்பட்டைத் துணியை எடுத்து டெரிக்கின் தோளில் முடிந்தார். முரசு அடித்தார்கள். ஹாஜி மைக்கைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

நாங்கள் இரண்டு பேரும் சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்றார்.

"காட்டோ அவரைக்கொட்டை தின்ன மாட்டானா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அவங்களோட சனிக்கிழமை மட்டும்தானே இருந்தே," என்றேன்.