திருத்தாமல் எடுத்த கோடு

அலமாரியின் கீழ் இழுப்பறை அளவில் பொருந்தி வந்தது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு விரல் ஆழம். உள்ளே கிடந்த பழைய போர்வைகளைக் கட்டிலின் மேல் கொட்டிவிட்டு, மாவுக்கட்டுப் போட்ட இடது காலை முக்காலியில் நீட்டியபடி, இழுப்பறையை மடியில் வைத்து அதன் உட்புறத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாள். ஒரு பூச்சில் மரத்தின் நிறம் மங்கலாகத் தெரிந்தது. தெரியக் கூடாது. காயவிட்டு இரண்டாம் பூச்சு அடித்தாள்.

“போர்வைங்க எல்லாம் இனிமே எங்க போகும்?” என்று கேட்டார் கணவர்.

“நீங்க போர்த்திக்கிட்டு ஆபீஸ் போங்க.”

தையல் பயிற்சி நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அவள் பேட்டர்ன் ஆசிரியை. சட்டையின் முன்பாகம், முதுகு, காலர், கை என ஒவ்வொரு துண்டுக்கும் தாளில் வரைந்த மூலம் ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் மாணவிகள் துணி வெட்டுவார்கள். நிலையத்தின் மூலத் தாள்கள் மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டன. புதிய வகுப்பு தொடங்குவதற்குள் முப்பத்தெட்டையும் நகலெடுத்தாக வேண்டும். வழக்கமாக ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, நின்றபடி டிரேஸ் எடுப்பாள். இந்த முறை நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து எடுப்பதற்கு வழியில்லை என்று அவர் சொல்லவில்லை.

இழுப்பறையின் உள்விளிம்பு நான்கிலும் எல்.இ.டி. பட்டையை ஒட்டி, பின்பக்கம் துளையிட்டு ஒயரை வெளியே எடுத்தாள். மேலே மூடுவதற்குக் கழற்றிப் போட்டிருந்த ஜன்னல் கதவொன்றின் கண்ணாடி. அதன் வலது கீழ் மூலையில் ஒரு விரிசல். கையைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் மூன்று அடுக்கு டேப் ஒட்டினாள். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது விளக்குகள் புள்ளி புள்ளியாகக் கண்ணைக் குத்தின. கண்ணாடிக்குக் கீழே பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து வைத்ததும் புள்ளிகள் கரைந்து, பெட்டி முழுவதும் சீரான வெண்மையாயிற்று. மூலத் தாளை வைத்து அதன்மேல் வெற்றுத் தாளை விரித்தாள். ஒவ்வொரு கோடும் மேலே எழுந்து வந்தது.

கணவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து வந்தார். “அட, சினிமா மாதிரி இருக்கே. நானும் ஒண்ணு எடுத்துப் பாக்கவா?”

இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் அவளுடைய வேலையை அவர் குனிந்து பார்த்தது அதுவே முதல் தடவை. நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பென்சிலை எப்படிச் சாய்ப்பது, மணிக்கட்டைத் தூக்காமல் முழங்கையிலிருந்து எப்படி நகர்த்துவது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். காலர் துண்டின் வளைவில் அவர் நின்றார்.

“இங்க கோடு துள்ளியிருக்கு. நேராக்கிடவா?”

“உங்க வேலை எடுக்கறது. திருத்தறது இல்ல. தப்பு இருந்தா தப்போட எடுங்க, நான் பாத்துக்கறேன்.”

“உத்தரவு டீச்சர்!” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆறு தாள்கள் எடுத்தார். நன்றாகவே எடுத்தார். ஒவ்வொரு தாளும் முடிந்தவுடன், நிலையத்தின் விதிப்படி, அவள் வலது கீழ் மூலையில் கையெழுத்திட்டாள். கையெழுத்தில்லாத தாள்கள் கடைத்தெருத் தையற்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். அன்று மாலை தான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்ததை அவள் பின்னர் நினைத்துப் பார்த்தாள். அந்த நினைவைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கட்டுப் பிரித்த மறு திங்கட்கிழமை, தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் நிலையத்துக்குப் போனாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே அடிக்கோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

“என்ன டீச்சர், சொல்லிட்டுப் போக வந்தீங்களா?” என்று அலுவலக எழுத்தர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடலை, போங்க.”

“எங்க போறதுக்குச் சொல்லிட்டுப் போகணும்?”

எழுத்தர் கோப்பைத் திறந்து காட்டினாள். தட்டச்சு செய்த நான்கு வரிகள். உடல்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். கீழே அவளுடைய கையெழுத்து. விடுப்பு நீட்டிப்புக் கடிதம் என்று அவள் கணவரிடம் கொடுத்தனுப்பிய மூன்றாவது உறைக்குள் வந்தது இதுதான்.

“ஃபோன்கூடப் பண்ணினேன் டீச்சர். உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார். ‘ஆமாம்மா, முடிவு பண்ணிட்டா, அதைப் பத்திப் பேசினா அழறா, கூப்பிட வேண்டாம்’னு சொன்னார். எவ்வளவு தன்மையாப் பேசறார்!”

“இது நான் போட்ட கையெழுத்து இல்ல.”

எழுத்தர் பழைய விடுப்புக் கடிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். “அதே மாதிரிதானே இருக்கு?”

அதே மாதிரிதான் இருந்தது. சொல்லப்போனால் அந்த விடுப்புக் கடிதத்தில் இருந்ததைவிட இதுவே நிதானமாக இருந்தது. கடைசி இழுப்பின் வாலில் மட்டும் எள்ளளவுக்கு ஒரு துள்ளல். வழவழப்பான தாள், மேசையும் வழவழப்பு. இங்கே கோடு எதில் தடுக்கி விழுந்தது?

நிலையத்தின் முதல்வர் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி விலகலை ஏற்றுக்கொள்ளப் போகிறது என்றும், அதற்குள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். “மனசு மாறிட்டேன், வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதுங்க மேடம். சிம்பிள்.”

கடிதத்தின் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்த சுருளோடு அவள் வீடு திரும்பினாள். பெட்டியின் சுவிட்சைப் போட்டு, ஜெராக்ஸை அடியில் வைத்து, முப்பத்தெட்டுத் தாள்களின் மூலைகளையும் ஒவ்வொன்றாக அதன்மேல் பொருத்தினாள். முதல் தாளில் தலைப்பெழுத்து விலகியது. அடுத்ததில் சுழி. அதற்கடுத்ததில் வால் நீண்டது. முப்பத்தேழு தாள்களில் முப்பத்தேழு விதமாக அவள் கையெழுத்திட்டிருந்தாள். ஒன்றுகூடக் கீழிருந்ததன்மேல் படியவில்லை. காலர் தாள் படிந்தது. இரண்டு கையெழுத்தும் ஒன்றாகி, கீழே ஒன்று இருப்பதே தெரியாமல் போயிற்று. வால் துள்ளிய இடம்கூட ஒன்றே. மூலையில் ஒட்டிய டேப்பின் விளிம்பில் அவள் பேனா ஏறி இறங்கிய இடம் அது. அதையும் விடாமல், திருத்தாமல் எடுத்திருந்தார்.

மாலை ஆறு மணிக்கு அவர் வந்து செருப்பைக் கழற்றியபோது பெட்டி எரிந்துகொண்டிருந்தது.

“ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகம் சிவக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள், சிவக்கவில்லை.

“நல்லாத்தான் எடுத்திருக்கீங்க,” என்றாள்.

“உன் நல்லதுக்குத்தாம்மா. வலியில அனத்தறது நீ. பக்கத்துல முழிச்சுக் கிடக்கறது நான். இந்தக் காலோட ரெண்டு பஸ் மாறிப் போகணுமா? பாக்கறவன் என்னைத்தானே கேப்பான்?”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ ஒத்துக்க மாட்டே.”

அவர் அதை ஒரு விளக்கமாகச் சொன்னார். சொன்னதில் பிழை ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சத்தம் போட்டால், வலியில் கத்துகிறாள் என்று அதையும் காலின் கணக்கில் எழுதிவிடுவார். குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

“இது உங்களுக்கு எப்போ தோணுச்சு? அன்னிக்கு என் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தீங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? சரி, விடு. உனக்குப் போகணும்னா போ. மனசு மாறிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு, முடிஞ்சுது.”

முதல்வர் சொன்ன அதே வரி. வியாழக்கிழமை காலை அவள் பெட்டியைத் துணியில் சுற்றிக் கட்டினாள். அதை அவர்தான் தூக்கிக்கொண்டார்.

“இதை எதுக்கு எடுத்துட்டுப் போறே?”

“நிலையத்துல இருக்கட்டும். பிள்ளைங்களுக்கு உதவும்.”

அது பொய்யன்று. இரண்டு பேருந்திலும் அவர் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். வேகத்தடை வந்த இடமெல்லாம் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது அவளுக்குக் கை கொடுத்தார். தன்னை அவள் பிறர் முன்னிலையில் காட்டிக்கொடுக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு எழவே இல்லை. முதல்வர் மேசைமேல் பெட்டியை வைத்துவிட்டு, “நான் வெளியில இருக்கேம்மா, நிதானமாப் பேசு,” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் சுவிட்சைப் போட்டாள். கோப்பிலிருந்த கடிதத்தையும் காலர் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். முதல்வர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

“ஒண்ணாத்தானே இருக்கு?”

“அதுதான் சார் தப்பு. நீங்க ரெண்டு தாள்ல உங்க கையெழுத்தைப் போட்டுப் பாருங்க.”

போட்டார். வைத்துப் பார்த்தார். ஒன்று மற்றதைவிட்டு நழுவியது. தாள்களை நகர்த்தினார், சாய்த்தார். தன் கையெழுத்தே தனக்குக் கீழ்ப்படியாததில் சற்றுச் சங்கடப்பட்டவர்போலப் பேனாவை மூடினார்.

“புரியுது மேடம். யாருன்னும் புரியுது. ஆனா எழுத்துல வந்தா நான் மேலே அனுப்பணும், விசாரணைன்னு வரும். குடும்ப விஷயம். வாபஸ்னு எழுதிட்டா உங்களுக்கு வேலையும் இருக்கு, வீடும் இருக்கு.”

“நான் எழுதாத கடிதத்தை நான் எப்படி சார் வாபஸ் வாங்கறது?”

“பாவம், மனுஷன் பெட்டியை வேற தூக்கிட்டு வந்திருக்கார்.”

மேசை முழுவதும் கோப்புகள். எழுத இடமிருந்தது பெட்டியின்மேல் மட்டுமே. வெற்றுத் தாளொன்றை எடுத்து வெளிச்சத்தின்மேல் வைத்தாள். அடியில் வேறெந்தத் தாளும் இல்லையென்று ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்: இணைப்பில் உள்ள கடிதத்தை நான் எழுதவில்லை. அதிலுள்ள கையொப்பம் என்னுடையதன்று. அதை இட்டவர்

பேனா அங்கே நின்றது. கதவின் மங்கல் கண்ணாடியில் அவர் உருவம் தெரிந்தது. முகமில்லை, தோளும் தலையும் மட்டும். பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, பெட்டியின் விளிம்பு பதிந்த உள்ளங்கையை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். முனை தொட்ட இடத்தில் ஒரு மைப்புள்ளி, கீழிருந்து வந்த வெளிச்சத்தில், மெல்ல அகன்றுகொண்டிருந்தது. முதல்வர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே அந்த உருவம் எழுந்து கதவருகே வந்தது. உள்ளே பார்ப்பதற்காகக் கண்ணாடியில் கையைக் குவித்து வைத்தது. அவள் தாளை ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மணிக்கட்டைத் தூக்காமல், அடுத்த சொல்லின் முதலெழுத்தை இட்டாள்.