கதவின் உள்பக்கம்

எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது என்றதும் கட்டடத்தின் முன்சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தார்கள். பின்சுவரில் ஓர் ஆலஞ்செடி முளைத்திருந்தது. அது தாவரவியல் துறையின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. இதைப் பற்றி நான் சுவர்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினேன். முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். கையெழுத்து என்னுடையதல்ல என்றேன். அது உண்மைதான், நான் சொல்லச் சொல்ல எழுதியவன் வேறொருவன்.

அதே வாரம்தான் அக்காவின் அலமாரிக் கதவுகளுக்குப் பாலிஷ் போட்டேன்.

அக்கா மலர்விழி ஓசூரில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, கடத்தூரில் சொந்தமாக மரப்பட்டறை போட்டிருந்தாள். ஊரே வந்து பார்த்தது. ஒவ்வொரு மெஷினையும் தொட்டுப் பார்த்தது. ஆர்டர் மட்டும் கொடுக்கவில்லை. முதலில் கொடுத்தவர் லூர்துமேரி டீச்சர். புது வீட்டு ஹாலுக்கு ஆறடி அலமாரி, இரண்டு கதவு. "பொம்பள செய்யற அலமாரி நிக்குமா?" என்று அவர் கணவர் ஆரோக்கியராஜ் கேட்டாராம். "நான் பெத்த மூணும் நின்னு நடந்து ஓடுதுங்களே" என்றாராம் டீச்சர்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி டீச்சர் வீட்டை மந்திரிக்கிறார். எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன் எல்லா அலமாரியையும் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பூட்டியிருந்தால் சாவி கேட்பார்கள். இருநூறு பேர் அந்தக் கதவைத் திறப்பார்கள். அக்காவுக்கு அடுத்த ஆர்டர் உண்டா இல்லையா என்பது அந்த இருநூறு பேரின் கையில் இருந்தது.

திங்கட்கிழமை கதவுகள் வளைந்தன.

ஒரு வாரம் விடாத மழை. நேர் பார்க்கும் மட்டப்பலகையைக் கதவின் முன்பக்கம் குறுக்கே வைத்தால் நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது. இரண்டு கதவும் படகு மாதிரி உள்வாங்கியிருந்தன. அக்கா அவற்றை மேசையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். மறுநாள் கழற்றியபோது நேராக இருந்தன. சாயங்காலம் பழையபடி படகு. மறுபடி இறுக்கினாள். விடிந்து கழற்றியதும் மறுபடி படகு.

"பச்ச மரம்டா குரு" என்றாள். "நல்லா காயாததக் கொடுத்துட்டாரு மில்லுக்காரரு."

நான் கிளாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருந்தது.

கதவின் வெளிப்பக்கத்துக்கு மூன்று கை, ஒன்று காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்றாக, பாலிஷ் போட்டிருந்தேன், முகம் பார்க்கலாம். உள்பக்கத்துக்கும் மூன்று கை போடச் சொல்லியிருந்தாள். நான் மிச்சச் சாயத்தைத் துணியில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்து, மேலே கொஞ்சம் மெழுகு தேய்த்துவிட்டு மேட்ச் பார்க்கப் போனேன். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்வைக்குப் பாலிஷ், உடம்பில் ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் ஈரத்தை உள்ளே விடவில்லை. உள்பக்கம் ஒரு வாரமாக மழையைக் குடித்து உப்பியது. ஒரு பக்கம் மட்டும் உப்பினால் கதவு வேறு என்ன செய்யும்?

புதன்கிழமை காலை அக்கா போன் செய்ததும் அறுப்பு மில் கிருஷ்ணப்பன் மொபெட்டில் வந்து இறங்கினார். அக்காவை உள்ளே விட்டு, பலகையைப் புரட்டிப் புரட்டிப் பொறுக்கவிடும் ஒரே மில்காரர் அவர்தான்.

"ஏம்மா, என் மரம் பச்சையா? மூணு வருசம் நெழல்ல அடுக்கிக் காய வச்சதும்மா அது."

"அப்பறம் எப்படீங்க வளைஞ்சுது? ரெண்டு தடவ நிமித்தியாச்சு, நிக்கல."

"உனக்கு வேலை வரலன்னு சொல்லு. என் மில்லு மேல சொல்லாத."

"வேலை வராமதான் ஓசூர்ல ஆறு வருசம் சம்பளம் கொடுத்தாங்களா?"

"அப்ப அங்கயே போய்ப் பலகை வாங்கிக்க. இனிமே என் மில்லுப் பக்கம் வராத." மொபெட்டைத் திருப்பினார்.

முதல்வரிடம் சொன்னது போல இங்கேயும் ஏதாவது உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"உள்பக்கம் நான் பாலிஷ் போடலீங்க" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். கிருஷ்ணப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கதவின் உள்பக்கத்தில் மெழுகை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் தொட்டு அந்த இடத்தில் வைத்தார். எச்சில் உள்ளே இறங்கிக் கறுத்தது.

"எத்தன கை போட்ட?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் போடல."

"முடிஞ்சிருச்சுன்னு சொன்ன."

"பாக்க முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிருஷ்ணப்பனைப் பார்த்து, "தப்பா பேசிட்டேங்க" என்றாள். அது அடியைவிட மோசமாக இருந்தது. அவர், "காலேஜ் பையனை நம்பி வேலையைக் கொடுத்தியே, அதுதாம்மா தப்பு" என்று சொல்லிவிட்டு, போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் மாறியது. கீல்களைக் கழற்றி, கதவுகளை முன்பக்கம் கீழே இருக்கும்படி வாசலில் கிடத்தினாள். இரு ஓரங்களிலும் துணி சுற்றிய ரீப்பர் கட்டைகளை அடியில் கொடுத்தாள். நடுவில் மேலே ஒரு சட்டம். கிளாம்பைத் திருகத் திருகக் கதவு நேராகி, அப்புறம் மறுபக்கம் வளையத் தொடங்கியது.

"அக்கா, நேராத்தான் ஆயிருச்சே!"

"நேரா நிறுத்தினதுதான் ரெண்டு தடவையும் திரும்பிப் போச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் தாண்டிப் போனாத்தான் விடும்போது நடுவுல வந்து நிக்கும். உள்பக்கம் வெயில்ல காயட்டும். காஞ்சதும் பாலிஷ்."

மூன்று நாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. வெயில் வந்தால் கதவை வெளியே தூக்குவது, மேகம் வந்தால் கிளாம்போடு உள்ளே தூக்குவது. தொப்பூர்ப் பக்கம் வானம் இருட்டினாலே எனக்குக் கை வலித்தது. அந்த ஆலஞ்செடி அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றி எழுதியபோது ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். முன்சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தவனும் அன்றைக்கு மேட்ச் பார்க்கத்தான் போயிருப்பானோ என்னவோ.

சனிக்கிழமை மதியம் அக்கா கிளாம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கதவு முனகிக்கொண்டு திரும்பி வந்து நின்றது. மட்டப்பலகை வைத்தாள். இடது கதவின் கீழ் மூலையில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம். வெகுநேரம் அதையே பார்த்தாள். "இது இப்படித்தான் இருக்கும். மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும்" என்று பாலிஷ் டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

மூன்று கை போட்டேன். உள்ளே.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்ததும் கூட்டம் அலமாரியில் கை வைத்தது. திறந்தார்கள், மூடினார்கள், தட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அக்காவின் கண் அந்தக் கீழ் மூலைக்குப் போய் வந்தது. கடைசியாக ஆரோக்கியராஜ் வந்தார். கதவைத் திறந்து உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"உள்ளயும் பாலிஷா? இத யாரும்மா பாக்கப் போறாங்க?"

"அவனக் கேளுங்க" என்றாள் அக்கா.

நான் ஈரம், மழை, உப்புவது, வளைவது எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பிரியாணிப் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தும் விடவில்லை. கடைசியில், "சரி தம்பி, எங்க அண்ணன் வூட்டு சமையல்கட்டுக்கும் இதே மாதிரி செஞ்சுருங்க. ஆனா அவருகிட்ட இவ்வளவு விளக்க வேண்டாம்" என்று நகர்ந்தார்.

அக்கா அப்போதுதான் அந்த மூலையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அந்த வேலையில நீ உள்பக்கம் மட்டும் போடு" என்றாள். "வெளிப்பக்கம் நான் பாத்துக்கறேன்."