மஞ்சள் வந்தால்

ஸ்டெலூட்சா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, போன மாதம் தானே பிடுங்கிப் போட்ட வயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எழுந்திருங்கக்கா, நான் எடுக்கிறேன்,” என்றாள் நர்ஸ் கோர்னேலியா. “அன்னைக்கு என்ன சத்தம் போட்டீங்க! ‘எங்கப்பா என்ன மாடா, மூச்சு விடுறதையெல்லாம் மெஷின் வெச்சுப் பாக்க?’ன்னு.”

“சொன்னேன். இப்ப சொருகு.”

மெத்தைக்கு அடியிலிருந்த விரிப்பு மூச்சைக் கவனிக்கும். சீராக இருந்தால் கால்மாட்டில் பச்சை விளக்கு. தடுமாறினால் மஞ்சள். நின்றுபோனால் சிவப்பு, கோர்னேலியாவின் போனும் அலறும். புஸாவு நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் எல்லாக் கட்டிலுக்கும் இது உண்டு.

ஸ்டெலூட்சாவுக்கு மஞ்சள்தான் முக்கியம். உயிர் போகும்போது கையில் மெழுகுவர்த்தி எரிய வேண்டும். இல்லையென்றால் போகிற வழியெல்லாம் இருட்டு. அம்மா ஆஸ்பத்திரியில் தனியாகப் போனாள். ‘வெளிச்சம் இல்லாமப் போனவ’ என்று அடக்கத்தன்றே யாரோ முணுமுணுத்தார்கள். அப்பாவுக்கும் அப்படி ஆகக் கூடாது. ஆனால் அப்பா ஒக்டாவின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. பக்கத்தில் நெருப்பு ஆகாது.

“மஞ்சள் வந்தா கூப்பிடுங்க. ஆக்ஸிஜனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்த பிறகுதான் தீக்குச்சி. இல்லத்தை நடத்துற மேடத்துக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாங்க.” கோர்னேலியா மேசையில் ஒரு பேட்டரி மெழுகுவர்த்தியை வைத்தாள். “எதுக்கும் இதுவும் இருக்கட்டும். இங்க எல்லாருக்கும் இதுதான்.”

“கிறிஸ்துமஸ் மரத்துல மாட்டுறதையா எங்கப்பா கையில கொடுப்பேன்?”

தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்த போனுக்குள் தம்பி ரெலு சிரித்தான். ஸ்பெயினில், கிடங்கு வேலைக்கு நடுவே அழைத்திருந்தான். “மின்வாரியத்துல கம்பம் ஏறியே கிழவனானவரு, அக்கா. அவருக்கு பேட்டரிதான் பொருத்தம்.”

“வாயை மூடுடா. அவ்வளவு அக்கறைன்னா வந்து பக்கத்துல நில்லு.”

அவன் சிரிப்பு நின்றது.

அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள். கோட்டுப் பையிலிருந்த தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மெழுகுவர்த்தியின் திரியை நிமிர்த்தினாள். மறுபடி நிமிர்த்தினாள்.

மத்தியானம் மஞ்சள் வந்தது.

கோர்னேலியா ஓடி வந்து ஆக்ஸிஜனை மூடி, ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே அறைந்தது. முதல் குச்சி அணைந்தது. அடுத்தது பற்றியது. அப்பாவின் விரல்களுக்குள் மெழுகுவர்த்தியைத் திணித்தபோது அவர் கண் திறந்தார். சுடரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“என்ன… கரண்ட் போயிடுச்சா?”

ரெலு கண்ணில் நீர் வரச் சிரித்தான். கோர்னேலியா சுடரை ஊதிவிட்டு மறுபடி ஆக்ஸிஜனைத் திறந்தாள். ஸ்டெலூட்சா ஜன்னலை மூடிவிட்டு, தீப்பெட்டியைப் பையில் போட்டாள்.

“புரண்டு படுத்திருக்காரு, அவ்வளவுதான். கொஞ்சம் உட்காருங்கக்கா. மெத்தை மேல மட்டும் சாயாதீங்க. அது உங்க மூச்சையும் சேர்த்து எடுத்துக்கும்.”

கிடங்கில் மணி அடித்ததும் ரெலு போனை வைத்தான். கோர்னேலியா அடுத்த அறைக்குப் போனாள்.

ஸ்டெலூட்சா நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கம்பி இழுத்துக் காய்த்துப்போன கை. கண்ணை விளக்கிலிருந்து எடுக்கவில்லை. பச்சை. விடிந்ததிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. தலை தானாக மெத்தையில் சாய்ந்தது, பிறகு தோளும்.

பச்சை. பச்சை.

கன்னத்திலிருந்த கை குளிர்ந்திருந்தது. ஜன்னல் திறந்ததால் இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னலை மூடி வெகுநேரம் ஆகியிருந்தது.

விளக்கைப் பார்த்தபடியே அவள் தன் மூச்சைப் பிடித்தாள்.

மஞ்சள்.

மூச்சு விட்டாள். பச்சை.

அசையாமல் கிடந்தாள். ஆக்ஸிஜன் சீறிக்கொண்டிருந்தது, அதை மூட எழுந்திருக்க வேண்டும். தீப்பெட்டி பையில் உறுத்தியது. மேசை கைக்கு எட்டியது.

பேட்டரி மெழுகுவர்த்தியை எடுத்து, அடியிலிருந்த பொத்தானை நகர்த்தினாள். சுடர் காற்றில்லாமலே ஆடியது. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடித்தாள்.

பிறகு தலையைத் தூக்கினாள்.

அடுத்த அறையில் கோர்னேலியாவின் போன் அலறத் தொடங்கியது.