பன்னிரண்டாவது ஆள் போட்ட கையெழுத்து

நாட்டின் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்த பதினோரு ஆண்டுகளில் போட்ட டாஸைவிட, ஓய்வுபெற்ற ஆறு ஆண்டுகளில் அவர் வெட்டிய ரிப்பன் அதிகம். அன்று விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரருக்கு வாய் இருந்தது, பிழைத்துக்கொள்வார். வந்தவரை நேரே கண்ணாடிப் பெட்டியிடம் இழுத்துப்போனார். உள்ளே ஒரு பேட், அதில் கேப்டனின் கையெழுத்து. அப்பா ஏலத்தில் எடுத்ததாம். அதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் இறங்கினாராம். பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டுத் தரவேண்டுமாம்.

போட்டார். பழையது முத்து முத்தாக நின்றது. புதியது மழையில் நனைந்த கோழியாகக் குறுகிக் கிடந்தது. இரண்டில் ஒன்று டூப்பு என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, கடைக்காரர் முகம் செத்தது. திறந்த அன்றே போலிச் சரக்கு என்று பெயரெடுத்தால் எந்தக் கடை தேறும்?

டூப்பு எது என்று கேப்டனுக்குத் தெரியும். சுற்றுப்பயணங்களில் கையெழுத்துக்கென்று நூற்றுக்கணக்கில் பேட் வரும். போடுவது, ஆட இறங்காத பன்னிரண்டாவது ஆள். 'பன்னிரண்டு' என்றே கூப்பிடுவார்கள். உடைமாற்றும் அறையில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, அசலைவிட அழகாகப் போடுவான். "முடிச்சுடுடா, அடுத்த மேட்ச் நீதான்" என்பார் இவர். மூன்று பயணம், அதே வாக்கு. ஒரு மேட்ச்கூடத் தரவில்லை. நான்காவது பயணத்தின் பட்டியலில் அவன் இல்லை. அந்தப் பட்டியலில் மட்டும் கையெழுத்து இவருடைய சொந்தக் கை.

"விரல் உடைஞ்சதுக்கப்புறம் கை இப்படித்தான் ஓடுது" என்றார் மைக்கில். கூட்டம் உச்சுக்கொட்டியது. கடைக்காரரின் மனைவி அந்த விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்களுக்காக உடைச்சுக்கிட்டீங்களேண்ணா."

உடையாத விரல். அவருக்குக் காது மடல்வரை சுட்டது.

"விடும்மா. விரலுக்கு ஒண்ணுமில்ல. பழசு நான் போட்டது இல்ல. போட்டவனை ஆடவிடாம உக்கார வெச்சதுதான் நான்."

முதலில் தெளிந்தவர் கடைக்காரர்தான், வியாபாரியாயிற்றே. அந்த ஆளையே வரவழைத்துப் பெட்டி பக்கத்தில் நிறுத்தினால் கடையின் மானம் பிழைக்கும், நம்பர் இருக்கிறதா என்றார்.

இருந்தது. ஒருநாளும் அழுத்தியதில்லை. எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டு அழுத்தினார்.

"சொல்லுங்க கேப்டன்" என்றது குரல், நேற்றுப் பிரிந்தவன்போல. இவர் வாயெடுப்பதற்குள் அதுவே கேட்டது: "எத்தனை பேட்டு? அனுப்புங்க, போட்டுத் தரேன்."

கடைக்காரரின் மனைவி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.